அத்தியாயம் 9: காரம் எண்ணெயில், சுவை சாற்றில் – மைசூர் மைன்ஸில் ஒரு காய்கறி ராமென்

கோலார் தங்கவயலில் நூடுல்ஸ் கடை நடத்துகிறவர் ஜப்பானிய உணவு ஒன்றைப் புதிதாகப் பலகையில் எழுத நினைத்தால், காரமான காய்கறி ராமெனில் தொடங்குவதே நல்லது. மீனும் பன்றி எலும்பும் தேட வேண்டியதில்லை, சைவம் சாப்பிடுகிறவர்களும் அசைவம் சாப்பிடுகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், காரத்துக்கு இங்கே யாரையும் பழக்க வேண்டியதுமில்லை. ஆனால் இந்தக் கிண்ணம் பெரும்பாலும் கெட்டுப்போவதும் அந்தக் காரத்தால்தான். எலும்புச் சாறு இல்லாததால் வெறுமையாக இருக்கும் நீரை மிளகாய்த்தூளால் நிரப்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு வாய்க்கு நாக்கு எரியும், மூன்றாவது வாயில் தொண்டை கமறும், பாதிக் கிண்ணம் மிஞ்சிப்போகும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: சாறு தன் காலில் தானே நிற்க வேண்டும், காரம் அதில் கரையாமல் எண்ணெயில் தனியாக இருந்து, பரிமாறும் நேரத்தில் கிண்ணத்தில் சேர வேண்டும். சமையல் முறை, செலவு, வாடிக்கையாளரின் வசதி மூன்றும் இந்த ஒரே முடிவிலிருந்து வருகின்றன.

யார் சாப்பிடப் போகிறார்கள்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் லைன் வீடுகளில் வாழ்கிற குடும்பங்களின் பிழைப்பு பெங்களூரோடு பின்னிக்கொண்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, இரவு திரும்பி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த நகரத்தில் ஜப்பானிய உணவு இன்று நட்சத்திர ஹோட்டலோடு நிற்கவில்லை. சாந்தி நகரில் கவன் குட்டப்பா நடத்தும் நாரு நூடுல் பாரில் இடம் கிடைக்க முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். இதே கோலார் மாவட்டத்தின் நரசாபுரத்தில் 2013 முதல் ஜப்பானிய நிறுவனமான ஹோண்டாவின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை ஓடுகிறது. ராமென் என்ற பெயரோ அதற்கும் முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது: பெங்களூருக்குத் தெற்கே ஜிகனியில் இருக்கும் இந்தோ நிஸ்ஸின் ஆலையின் 'டாப் ராமென்' பொட்டலம் 1990களிலிருந்து மளிகைக் கடைகளில் தொங்குகிறது. ஆகவே பெயரைப் பழக்கும் வேலை உங்களுக்கு இல்லை. பொட்டலத்தில் வராத ஒன்றைக் கிண்ணத்தில் கொடுக்கும் வேலைதான் இருக்கிறது. பொட்டலத்தில் வராதது சாறு.

இந்த வாடிக்கையாளரைப் பற்றி இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர் தனக்கு மட்டும் வாங்குவதில்லை. வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பார்சல் கேட்பார். ஒரே குடும்பத்துக்குள் மூன்று விதமான கார அளவு இருக்கும். சாற்றிலேயே மிளகாயைக் கலந்துவிட்ட கடை அந்த மூவரில் ஒருவருக்குத்தான் உணவு கொடுக்க முடியும். சாறு தனி, கார எண்ணெய் தனி என்று வைத்த கடை ஒரே பாத்திரத்திலிருந்து மூவருக்கும் கொடுக்கும். சின்னக் கடையில் அடுப்பும் பாத்திரமும் எண்ணி வைத்த மாதிரிதான் இருக்கும். மூன்று சாறு வைக்க இடமில்லாத இடத்தில் இந்த ஏற்பாடு வியாபாரத்தைக் கூட்டும்.

மிளகாய் ஏன் சாற்றில் கலக்கக் கூடாது

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். தூளை வெந்நீரில் கொட்டினால் அது கரைவதில்லை, துகள்களாக மிதக்கிறது. நூடுல்ஸை உறிஞ்சும்போது காற்றோடு சேர்ந்து அந்தத் துகள்கள் நேரே தொண்டையில் போய் ஒட்டுகின்றன. இருமல் வருவது அதனால்தான். இன்னொரு காரணம் சூடு. கேப்சைசினை உணரும் அதே ஏற்பி சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் உணர்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டுபிடித்து, பின்னர் 2021-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வு இந்த ஏற்பியைப் பற்றியதுதான். கொதிக்கக் கொதிக்கப் பரிமாறும் கிண்ணத்தில் சூடும் காரமும் ஒரே வாசலைத் தட்டுவதால், குழம்பில் மிதமாகத் தெரிகிற மிளகாய் இங்கே பொறுக்க முடியாததாகிவிடும். எனவே கார எண்ணெயை ஸ்பூனில் நக்கிப் பார்த்து அளவு முடிவு செய்யாதீர்கள். சூடான சாற்றில் விட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

இதை ஜப்பானியச் சமையலே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் தெருவில் விற்ற தன்தன் நூடுல்ஸ், சாறு அதிகம் இல்லாத, உக்கிரமான காரம் கொண்ட உணவு. அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்ற சமையற்கலைஞர் சென் கென்மின் 1950களில் அதை அந்த நாட்டு வாய்க்கு ஏற்றபடி மாற்றினார். சாறு சேர்த்தார், வறுத்த எள் விழுதைக் கூட்டினார், காரத்தை மேலே மிதக்கும் மிளகாய் எண்ணெயாக நிறுத்தினார். இன்று தன்தன்மென் என்று ஜப்பான் முழுவதும் விற்கும் கார ராமெனின் அமைப்பு இதுதான். எள்ளின் கொழுப்பு காரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. எண்ணெய் நூடுல்ஸ் இழைமேல் படிந்து வாய்க்கு வருகிறது. அடியில் இருக்கும் சாறு காரத்துக்கு இடையே நாக்குக்கு ஓய்வு தருகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரியும் இதுவே. எள்ளும் மிளகாயும் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் புதிதல்ல என்பது கூடுதல் வசதி.

எலும்பில்லாத சாற்றுக்கு எது பலம்

காய்கறிச் சாறு என்றாலே இறைச்சிச் சாற்றில் குறைவுபட்டது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஜப்பானின் புத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாகச் சைவச் சமையல்தான். தோகென் துறவி 1237-லேயே மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கென்று தனி வழிகாட்டி எழுதினார். கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த ஷீடாகே காளானும் அந்த மரபுச் சமையலின் அடிப்படைப் பொருள்கள். அவை ஏன் பலன் தருகின்றன என்பதற்கு விளக்கம் பின்னால் வந்தது. 1908-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கிகுனே இகேதா கொம்புவின் ருசிக்குக் காரணம் குளுட்டமிக் அமிலம் என்று பிரித்துக் காட்டி, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1957-இல் அகிரா குனினாகா உலர்ந்த ஷீடாகேயில் இருக்கும் குவானிலேட்டை அடையாளம் கண்டு, குளுட்டமேட்டும் அதுவும் சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் ஏறாமல் பல மடங்காக ஏறுகிறது என்று நிறுவினார். நமக்கு வேண்டிய விதி இதுதான்: குளுட்டமேட் தரும் பொருள் ஒன்று, குவானிலேட் தரும் பொருள் ஒன்று, இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருக்க வேண்டும்.

குளுட்டமேட்டுக்கு நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. கோலார் ஏ.பி.எம்.சி. நாட்டின் மிகப்பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. பழுத்த தக்காளி குளுட்டமேட் நிறைந்த காய்களில் முதன்மையானது. பழுக்கப் பழுக்க அது கூடும். சதையைவிட விதையைச் சூழ்ந்த கூழில் அதிகம். ஆகவே சாற்றுக்கு வாங்கும் தக்காளி, கடையில் சாலடுக்குத் தேர்ந்தெடுக்கும் கெட்டித் தக்காளியாக இருக்க வேண்டாம். நன்றாகப் பழுத்து, சற்று இளகியதே மேல். விதையை நீக்கவும் கூடாது. விலை மட்டும் ஒரே நிலையில் நிற்காது. 2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோ கிரேட் 2,000 ரூபாயைத் தாண்டியது. வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் வீதியில் கொட்டுகிறார்கள். விலை விழும் நாட்களில் கூடுதலாக வாங்கி, சுட்டு, அரைத்து, ஃப்ரீசரில் அளவாகக் கட்டி வைத்துக்கொள்ளும் கடை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பெருமளவு தப்பும்.

பத்துக் கிண்ணத்துக்கு அளவு இது. முந்தைய இரவே 40 கிராம் உலர்ந்த ஷீடாகேயை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைக்கவும். வெந்நீரில் அவசரமாக ஊறவைத்தால் காளான் மென்மையாகும், ஆனால் ருசி குறையும். மறுநாள் ஒரு கிலோ தக்காளியை நான்காக வெட்டி, அரைக் கிலோ வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, இரண்டையும் காய்ந்த இரும்புக் கல்லில் வெட்டுப்பக்கம் கருகத் தொடங்கும்வரை சுடவும். பெரிய பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, சுட்ட காய்கள், 250 கிராம் கேரட், 300 கிராம் முட்டைக்கோஸ், 40 கிராம் தட்டிய இஞ்சி, ஒரு முழுப் பூண்டு, காளான், அது ஊறிய நீர் எல்லாவற்றையும் சேர்த்து மெல்லிய தீயில் ஏற்றவும். தொடக்கத்தில் சூடு மெதுவாக ஏறுவது முக்கியம். காளானில் குவானிலேட் உண்டாவது அந்த இடைப்பட்ட சூட்டில்தான். கொதி வந்தபின் 45 நிமிடம் போதும். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் பலன் உண்டு. காய்கறியை அப்படிக் கொதிக்கவிட்டால் மணம் போய், முட்டைக்கோஸின் கந்தக வாடை தலைதூக்கும். வடிகட்டினால் மூன்று லிட்டர் தேறும், கிண்ணத்துக்கு 300 மில்லி. காளானை எறியாதீர்கள், நறுக்கிச் சோயா சாஸில் புரட்டினால் மேலே வைக்க ஆயிற்று.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோலார் மாவட்டத்துப் போர்வெல் நீர் பல இடங்களில் கடினமானது, ஃபுளோரைடும் கூடியது; கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றும்போது அடர்த்திதான் கூடும். சாறு முழுக்க முழுக்க நீரால் ஆனது என்பதால், அதற்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிடிக்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள். நூடுல்ஸ் வேகவைக்கவும் அதையே பயன்படுத்த முடிந்தால் நல்லது.

இப்போது வரை சாற்றில் உப்பு இல்லை, போடவும் கூடாது. உப்பு தாரே என்கிற தனிக் கலவையாகக் கிண்ணத்தின் அடியில் போக வேண்டும். 200 மில்லி சோயா சாஸை 20 கிராம் வெல்லத்தோடு சூடாக்கி வைத்தால் பத்துக் கிண்ணத்துக்கு வரும், கிண்ணத்துக்கு 20 மில்லி. இயற்கையாகப் புளிக்கவைத்த சோயா சாஸில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 16 கிராம் உப்பு இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு கிண்ணத்துக்கு 3.2 கிராம் வருகிறது, அதாவது சாற்றில் ஒரு சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் மொத்த அளவே 5 கிராம்தான் என்பதால் இதற்கு மேல் போக வேண்டாம். மலிவான பாட்டில்களில் உப்பு மாறுபடும்; லேபிளில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் எடை தெரியும். கடைசியாகச் சாற்றின் கனம். எலும்புச் சாற்றுக்குக் கனம் தருவது ஜெலட்டின். இங்கே அந்த வேலையை எள் செய்யும். 200 கிராம் வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, அதன் எண்ணெய் பிரியும்வரை அரைத்து, கிண்ணத்துக்கு 20 கிராம் வீதம் தாரேயோடு சேர்த்து வையுங்கள். வறுக்காத எள்ளில் ஆட்டிய நம் நல்லெண்ணெயை ஜப்பானிய எள்ளெண்ணெய்க்குப் பதிலாக ஊற்றினால் அந்த மணம் கிடைக்காது. மணம் வறுப்பதில்தான் இருக்கிறது.

கார எண்ணெய்

நிறத்துக்கு ஒரு மிளகாய், உறைப்புக்கு ஒரு மிளகாய் என்று இரண்டு வேண்டும். ஹாவேரி மாவட்டத்து பியாடகி மிளகாய் ஆழ்ந்த சிவப்பும் மென்காரமும் கொண்டது. 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் 60 கிராமும், குண்டூர் மிளகாயில் 20 கிராமும் எடுத்து, தூளாக்காமல் செதில்களாக இடித்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் சூரியகாந்தி எண்ணெயில் வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, ஒரு அன்னாசிப்பூ போட்டு மெல்லிய தீயில் பொன்னிறமாகும்வரை காய்ச்சி, அவற்றை அரித்தெடுத்து விடவும். எண்ணெயின் சூடு 120 டிகிரி அளவுக்குத் தணிந்த பிறகு மிளகாய்ச் செதில்மேல் மூன்று தடவையாக ஊற்றவும். அதைவிடச் சூடாக ஊற்றினால் மிளகாய் கறுத்துக் கசக்கும். ஒரு நாள் ஊறினால் நிறமும் மணமும் இறங்கும். பூண்டு பட்ட எண்ணெயை வெளியில் நாட்கணக்கில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத எண்ணெயில் ஆபத்தான கிருமி வளர இடமுண்டு. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பரிமாறும்போது மூன்றே அளவு: 5, 10, 20 மில்லி. மூன்று அளவுக் கரண்டிகளைத் தனித்தனியாக வாங்கி வைத்துவிட்டால் மாஸ்டர் லீவில் போனாலும் காரம் மாறாது.

நிறத்துக்காக எந்தப் பொடியையும் தொடாதீர்கள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறங்களைத் தடை செய்தது. ரோடமின்-பி போன்ற தொழிற்சாலைச் சாயங்கள் சோதனையில் பிடிபட்டதே காரணம். அந்த அறிவிப்புக்குப் பிறகு சிவப்பாக எது வந்தாலும் வாடிக்கையாளர் ஒரு நிமிடம் யோசிக்கிறார். பியாடகியின் சிவப்பு எண்ணெயில் இறங்கித் தெளிவாக மிதப்பதைக் கண்ணால் பார்க்க முடியும்; சாற்றில் கரைத்த சாயத்துக்கு அந்தத் தோற்றம் வராது. காரத்தை எண்ணெயில் வைப்பது இங்கே நம்பிக்கையையும் சம்பாதித்துத் தருகிறது.

நூடுல்ஸும் காய்களும்

ராமென் இழைக்குத் துள்ளலும் இளமஞ்சள் நிறமும் தருவது முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காரத்தன்மை (உறைப்பு அல்ல, ஆல்கலித் தன்மை) கொண்ட உப்பால் வருகிறது. சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி 130 டிகிரியில் ஒரு மணி நேரம் அவனில் வைத்தால் சோடியம் கார்பனேட்டாக மாறும். எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். அவன் இல்லாதவர்கள் பக்கத்து பேக்கரியில் கேட்டுச் செய்துகொள்ளலாம். இது தோலை அரிக்கும். ஈரக் கையால் தொடாதீர்கள். ஒரு கிலோ மைதாவுக்கு இதில் 12 கிராம், உப்பு 10 கிராம், தண்ணீர் 400 மில்லி. மாவு சப்பாத்தி மாவைவிட மிகவும் இறுக்கமாக, உதிரியாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் மூடி வைத்து, உருளை இயந்திரத்தில் பலமுறை மடித்து இழுத்தால் சேர்ந்துகொள்ளும். பத்துக் கிண்ணத்துக்கும் மேலாகவே வரும். கேழ்வரகு சேர்க்க விரும்பினால் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். அதில் குளூட்டன் இல்லாததால் இழை அறுந்துவிடும். ஹக்கா நூடுல்ஸ் பாக்கெட்டை வைத்துத் தொடங்குவதும் தவறில்லை, ஆனால் அது சாற்றில் சீக்கிரம் ஊறிப்போகும் என்று தெரிந்து பரிமாறுங்கள். எந்த நூடுல்ஸானாலும் தனி நீரில்தான் வேக வேண்டும். சாற்றிலேயே வேகவைத்தால் மாவும் சோடாவும் கலந்து, காலையிலிருந்து கட்டி வைத்த ருசியை மழுக்கிவிடும்.

காய்களுக்கு ஊரில் ஏற்கெனவே இருக்கும் கைத்திறமை போதும். சப்போரோ நகரத்து மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமெனில் காய்களைக் கடாயில் பெருந்தீயில் வதக்கி, அதே கடாயில் சாற்றை ஊற்றிப் புகைமணத்தோடு இறக்குகிறார்கள். ராபர்ட்சன்பேட்டையின் ஃபாஸ்ட் புட் வண்டியில் நிற்கும் எந்த மாஸ்டருக்கும் இது தினசரி வேலை. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவற்றை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தீயில் விடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் எங்கும் அவரைக்கொட்டை வந்து குவியும். அதன் தோலைப் பிதுக்கி எடுத்து வேகவைத்த பிதுக்கம்பருப்பை ஒரு கைப்பிடி மேலே தூவினால் புரதமும் சேரும், இந்தக் கிண்ணம் எந்த ஊருடையது என்பதும் தெரியும்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு ரசத்தை வைத்து வரும். ரசத்தில் மிளகாயும் மிளகும் நீரிலேயே இருக்கின்றன, தலைமுறைகளாகக் குடித்துவருகிறோம், ராமெனுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் என்று கேட்பார்கள். ரசத்தின் பெரும்பகுதி சோற்றோடு பிசைந்து இறங்குகிறது. ஸ்டார்ச்சு அதன் காரத்தை வாங்கிக்கொள்கிறது. தெளிவாகக் குடிக்கும்போதும் மண்டியை அடியில் விட்டுவிட்டு, ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறோம். ராமெனில் 300 மில்லியும் எதிலும் பிசையப்படாமல் சாறாகவே வாய்க்கு வருகிறது. அதோடு ரசமும் தன் மணத்தின் பாதியைத் தாளிப்பில், அதாவது எண்ணெயில்தான் வைத்திருக்கிறது. நம் முறைக்கு இது முரணாக இல்லை.

இரண்டாவது மறுப்பு அஜினோமோட்டோவைப் பற்றியது. இவ்வளவு தக்காளியும் காளானும் எதற்கு, ஒரு ஸ்பூன் போட்டால் முடிந்ததே என்பார்கள். இகேதாவின் கண்டுபிடிப்புதான் 1909-இல் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. அளவோடு பயன்படுத்தினால் அது விஷமல்ல, உலக அளவிலான உணவுச் சேர்க்கை நிபுணர் குழு 1987-இல் அதற்கு எண்ணிக்கை வரம்பே தேவையில்லை என்று முடிவு செய்தது. ஆனால் அது தருவது குளுட்டமேட் மட்டும். குவானிலேட்டோ, சுட்ட வெங்காயத்தின் இனிப்போ, எள்ளின் கனமோ அதில் இல்லை. 2015-இல் மேகி மீது தடை வந்தபோது, இதே பொருளின் இன்னொரு பெயரான எம்.எஸ்.ஜி.யைச் 'சேர்க்கவில்லை' என்ற லேபிளும் சர்ச்சையின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த நினைவு மக்களிடம் இன்னும் போகவில்லை. போட்டால் போட்டதாகச் சொல்லுங்கள். இந்தச் சாற்றுக்கு அது தேவைப்படாது.

மூன்றாவது மறுப்பு செலவு. ஷீடாகே விலை கூடியதுதான். ஆனால் கிண்ணத்துக்குப் போவது 4 கிராம்; அதுவே மேலே வைக்கும் காளானாகவும் ஆகிறது. பாதியைக் குறைத்து, வெயிலில் உலர்த்திய சிப்பிக் காளானைச் சேர்க்கலாம். ருசி சற்று இறங்கும், நின்றுபோகாது. மறுபக்கம் மூன்று கார அளவுக்கும் ஒரே சாறு என்பதால் மிச்சமாவது குறைகிறது. மிளகாய் கலந்த சாறு இரவில் மிஞ்சினால் வேறெதற்கும் ஆகாது. கலக்காத சாறு மறுநாள் ஃபிரைடு ரைஸுக்கும் சூப்புக்கும் உதவும்.

நான்காவது மறுப்பு, தக்காளியும் பிதுக்கம்பருப்பும் போட்டால் அது ஜப்பானிய உணவா என்பது. ராமெனே ஜப்பானுக்குச் சீனாவிலிருந்து வந்தது. 1910-இல் தோக்கியோவின் அசகுசாவில் திறந்த ராய்ராய்கென் கடையில் சமைத்தவர்கள் யோகோஹாமாவிலிருந்து வந்த சீனச் சமையற்காரர்கள். பிறகு சப்போரோ மிசோவைப் போட்டது, ஹகாத்தா பன்றி எலும்பைப் போட்டது. ஒவ்வொரு ஊரும் தன் சந்தையில் கிடைத்ததைக் கொண்டு தன் கிண்ணத்தை உண்டாக்கியது. எங்கும் மாறாமல் நின்றது அமைப்பு: சாறு, தாரே, மண எண்ணெய், காரத்தன்மை கொண்ட நூடுல்ஸ், மேலே வைப்பவை. அமைப்பைக் காப்பாற்றுகிறவர் பொருளை மாற்றலாம். பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று பொட்டலத்தூளைக் கரைத்து ஊற்றுகிறவர்தான் ராமெனை விட்டு விலகுகிறார்.

பலகையில் எழுதுமுன்

காய்கறி ராமென் என்று எழுதினால் அது முழுச் சைவமாக இருந்தாக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கடையில் வாங்கும் தாஷி என்னும் சாற்றுத் தூளில் பெரும்பாலும் மீன் இருக்கும். சில மிசோ விழுதுகளிலும் இருக்கும். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியால் ஆனது. கிம்ச்சியில் மீன் சாறு சேர்ந்திருக்கலாம். நூடுல்ஸ் பாக்கெட்டில் முட்டை இருக்கலாம். ஒவ்வொரு லேபிளிலும் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். சில்லி சிக்கன் பொரித்த எண்ணெயும், முட்டை நூடுல்ஸ் வெந்த பாத்திரமும் இதற்கு ஆகாது; கடாயும் கரண்டியும் தனியாக வைக்கவும். எள், சோயா, கோதுமை மூன்றும் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் பலகையிலேயே அவற்றை எழுதிவிடுங்கள். சாற்றை விற்பனை நேரம் முழுவதும் 60 டிகிரிக்கு மேல் வையுங்கள். மிஞ்சியதை அகலப் பாத்திரத்தில் ஊற்றி விரைவாக ஆற்றி ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பார்சலில் சாறு ஒரு டப்பா, நூடுல்ஸும் காயும் ஒரு டப்பா, கார எண்ணெய் ஒரு சின்ன டப்பா. வீட்டில் பெரியவர் தனக்கு வேண்டிய சொட்டை மட்டும் விட்டுக்கொள்வார்.

இவ்வளவும் தயாரான பிறகு ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். சாற்றில் தாரேயும் எள்ளும் மட்டும் கலந்து, கார எண்ணெயைத் தொடாமல், கடைக்கு வரும் ஐந்தாறு பேருக்கு அரை டம்ளர் கொடுங்கள். மிளகாய் இல்லாமலே அவர்கள் டம்ளரை முடித்துவிட்டால் மறுநாளே பலகையில் எழுதலாம். பாதியில் வைத்துவிட்டால் காரத்தைக் கூட்டாதீர்கள். தக்காளி பழுத்திருந்ததா, காளான் இரவு முழுக்க ஊறியதா, வெங்காயம் சுடப்பட்டதா, தண்ணீர் எது என்று பின்னோக்கிப் பாருங்கள். குறை இந்த நான்கில் ஒன்றில் இருக்கும், அதைச் சரிசெய்ய ஒரு நாள் போதும்.